பிள்ளை பார்த்துக்க என்ன ரேட்?

கீரைக்காரம்மாவிடம் கட்டுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் வாதாடுகிறவள் நான். ஆட்டோக்காரர் "நூத்தம்பது" என்றால், கண்ணைக்கூட இமைக்காமல் "எண்பது" என்பேன். அப்பேர்ப்பட்ட என்னிடம், "ஆன்ட்டி, மாசம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி எனக்கு முகமெல்லாம் சிவந்துபோய், "சேச்சே! காசெல்லாம் எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

அந்த ஒரு 'சேச்சே'யால் ஏழு மாதம் நஷ்டம். நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நடந்தது 2015 ஜூன் மாதம். கொரட்டூரில் எங்கள் ஃப்ளாட்ஸில் எஃப்-2-வுக்குப் புதிதாகக் குடிவந்தார்கள். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் வேலை. பையன் இரண்டாம் வகுப்பு. ஸ்கூல் வேன் மூணே முக்காலுக்கு வாசலில் இறக்கிவிடும். அம்மா வீடு திரும்ப ஆறே முக்கால் ஆகும். நடுவில் மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளை யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் வீட்டில் நான், ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர், ஒரு டி.வி. அவ்வளவுதான். என் பெண் வெளியூரில் கல்யாணமாகி இருக்கிறாள். "இங்கே விட்டுட்டுப் போம்மா, நான் சும்மாதானே இருக்கேன்" என்றேன்.

'சும்மாதானே இருக்கேன்' என்பது ரொம்ப ஆபத்தான வாக்கியம் சார். சொன்ன நாளிலிருந்து நான் சும்மா இருந்ததே இல்லை.

பையன் ஷூவோடு உள்ளே வருவான். "பாட்டி, பசிக்குது" என்பான். தோசை வார்த்தால் நடுவில் இருக்கும் முறுகலை மட்டும் வட்டமாகக் கிள்ளித் தின்பான். ஹோம்வொர்க் நோட்டில் பாதிப் பக்கம் எழுதியதும் வயிறு வலிக்கும். சோபாவில் ஏறிக் குதித்தால் வலி பறந்துபோகும். நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தமா, மதியம் மூன்றுக்கே கைகழுவிவிட்டு ஓடிவர வேண்டும். நாலு மணிக்குக் கண் அசருகிற முப்பது வருஷப் பழக்கம் போயே போச்சு.

காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே தவிர, வரவு இல்லாமல் இல்லை. முதல் வாரம் ஆப்பிள். அடுத்த வாரம் அல்வா. ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவை... கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை! என் வயசுக்கு அதைக் கட்டிக்கொண்டு தெருவில் போனால் மரம் என்று நினைத்துக் காக்கா வந்து உட்காரும். தீபாவளிக்கு ஒரு பெரிய ஸ்வீட் பாக்ஸ். எங்கள் இருவருக்கும் சர்க்கரை. என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு அந்தப் பொண்ணு ரொக்கமாவே குடுத்திருக்கலாம். உடம்புக்காவது நல்லது."

*

அந்த வருஷம் நவம்பர் மழையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஆறு மணிக்கு டி.வி.யைப் போட்டால் கலெக்டர் விடுமுறை அறிவித்திருப்பார். பிள்ளைகள் எல்லாம் கும்மாளம் போடுவார்கள். ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு என் போன் அடிக்கும். "ஆன்ட்டி... ஸாரி ஆன்ட்டி... இன்னிக்கும் லீவாம்..." டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் ஆபீஸ்கள் திறந்துவிட்டன, பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. அரையாண்டுப் பரீட்சையே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. காலை எட்டரை முதல் ராத்திரி ஏழரை வரை பையன் எங்கள் வீட்டில்தான்.

ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போகிறேன். படிக்கட்டு வளைவில் எஃப்-2 நின்றுகொண்டு போனில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அவங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியலம்மா. காசு வாங்கிக்கிட்டாக்கூட நிம்மதியா இருக்கும். லேட்டானா அவங்க வாசல்ல நிக்கவே கூசுது. பெல் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னுட்டுத்தான் அடிக்கறேன்..."

எனக்குச் சுரீர் என்றது. நான் என்னவோ பெரிய தர்மம் செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளோ தினமும் என் வாசலில் கடன்காரி மாதிரி நின்றிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால், ஏழு மாதத்தில் அந்தப் பெண் ஒரு நாள்கூட என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. "ஸாரி ஆன்ட்டி, தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன்: "காசு வாங்கிக்கலாம்னு இருக்கேன். ஆனா எவ்வளவுன்னு கேக்கறது?"

அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள்! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர் அவர். யார் எத்தனை மணிக்குப் பஞ்ச் அடித்தார்கள், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு அரை நாள் கட் என்று பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். ரிட்டயர் ஆனபிறகு எதையும் கணக்குப் பார்க்கக் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தார். உடனே ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. அடிஸ்கேல் வந்தது.

"டிபன் செலவு?"

"ஒரு டம்ளர் பால், ரெண்டு தோசை... பதினஞ்சு ரூபாய் வெச்சுக்கோங்க."

"மாசம் இருபத்திரண்டு வேலை நாள். முந்நூத்தி முப்பது. சோபா தேய்மானம்?"

"அதை விடுங்க."

"உன் நேரம்? ஒரு நாளைக்கு மூணு மணி, மாசம் அறுபத்தாறு மணி. உன் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?"

இந்தக் கேள்வியை ஐம்பத்தைந்து வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலும் எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கிற அம்மாவோடு ஒப்பிடுவதா, டியூஷன் டீச்சரோடா? அவரே வழி கண்டுபிடித்தார். "போன வாரம் மால்ல ஸ்கூட்டர் நிறுத்தினோமே, என்ன வாங்கினான்?"

"மணிக்கு இருபது."

"ஸ்கூட்டர் பசிக்குதுன்னு சொல்லுமா? பக்கத்து ஸ்கூட்டரைக் கடிக்குமா? அதுக்கே இருபதுன்னா, பிள்ளைக்கு அதுலேர்ந்து குறைக்கக் கூடாது. அறுபத்தாறு இன்ட்டு இருபது, ஆயிரத்து முந்நூத்தி இருபது. டிபன் முந்நூத்தி முப்பது. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூத்தி ஐம்பது."

நான் ஆயிரம் போதும் என்றேன். அவர் ஸ்கூட்டருக்கு அவமானம் என்றார். கடைசியில் ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது.

ஏழு மணிக்கு மேல் ஆனால் ஓவர்டைம் என்று இன்னொரு வரியும் சேர்த்தார். "ஃபேக்டரீஸ் ஆக்ட் ஐம்பத்தொன்பதாவது செக்ஷன்படி ஓவர்டைமுக்கு டபுள்!" என்று மேஜையைத் தட்டினார். அரை மணிக்கு 25 ரூபாய். "ஆனா பத்து நிமிஷம் கிரேஸ் உண்டு. அதுதான் டைம் ஆபீஸ் மரபு" என்று பெரிய மனசு பண்ணினார்.

ஜனவரி முதல் வாரம் எஃப்-2-வைக் கூப்பிட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. நோட்டையே நீட்டிவிட்டேன். அவள் படித்தாள். சண்டைக்கு வருவாளோ என்று பார்த்தால், கண் கலங்கிவிட்டது! "இதை ஜூன்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள்.

மாதக் கடைசியில் கவர் கொண்டுவந்தாள். ஆயிரத்து ஐந்நூறு, அதற்கு மேல் நாலு நாள் லேட்டானதற்கு நூறு. கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "காபி இருக்கா ஆன்ட்டி? தலை வலிக்குது."

காசு வாங்கினால் உறவு கெட்டுப்போகும் என்று பயந்தேன். எங்கள் வீட்டுக்கு உறவு வந்து உட்கார்ந்ததே காசு வாங்கின அன்றைக்குத்தான்.

*

ஒன்று மூன்றாகி, மூன்று ஐந்தாயிற்று. கூடவே வழக்குகளும். "போன வாரம் நாலு நாள் அம்மை போட்டிருந்துதே, கழிச்சுக்கலாமா?" "மே மாசம் முழுக்கப் பிள்ளை திருநெல்வேலிக்குப் போறான், அப்ப கிடையாதுல்ல?" கேட்பது நியாயமாகத்தான் பட்டது. தோசையே சாப்பிடாத பிள்ளைக்கு எப்படிக் காசு வாங்குவது? கழித்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பதில் கிடைத்தது 2017-ல், ஒரு வெள்ளிக்கிழமை.

வேன் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், டிபன் ஆயிற்று. நாலரைக்கு எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்தது. எஸ்-1 வீட்டு ஆறு வயது வாலைக் காணோம். கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், மொட்டைமாடியில், டேங்க் பின்னால் எங்கும் இல்லை. கீழே ஓடினேன். தண்ணீர் லாரி வந்துபோன நாள் அது. தரையில் இருக்கும் சம்ப்பின் மூடி ஒரு சாண் விலகிக் கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கால் இல்லை. அவர்தான் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை. "ஒண்ணுமில்ல, தண்ணிதான் இருக்கு" என்று அவர் சொன்ன பிறகும் நம்பாமல், நானும் குப்புறப் படுத்துப் பார்த்தேன்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பையன் கிடைத்தான். பக்கத்து பிளாக் மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்தது. மூன்று குட்டிகளுக்கும் பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பாட்டி, பூனை பயப்படுது" என்றான்.

மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை அனுப்பறேன் ஆன்ட்டி" என்றாள். அவள் போனபிறகு நான், "போதும். நாளையிலேர்ந்து யாரும் வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறுக்கு இந்த வயசுல இந்தப் பயம் எனக்கெதுக்கு?" என்று படுத்துவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கேட்ல ஒரு வாட்ச்மேன் இருந்தார். முப்பது வருஷத்துல ஒரு திருடனைக்கூடப் பிடிச்சதில்ல. கம்பெனி எதுக்குச் சம்பளம் குடுத்தது? திருடன் வராத ராத்திரிக்கும் அவர் முழிச்சிருந்தார் இல்லையா, அதுக்குத்தான். உனக்குக் குடுக்கறதும் தோசைக்கு இல்ல. நாலரை மணிக்குத் தலையை எண்ணிப் பார்த்தியே, அதுக்கு."

எனக்கு என் ரேட் புரிந்தது அன்றைக்குத்தான். பிள்ளை வராத நாளும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்க்க முடிகிறதா? அம்மை வந்தால் தோசை மிச்சம், நான் மிச்சமில்லை. அந்த ஜூனிலிருந்து கழிவு கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆறு பிள்ளைக்கு மேல் சேர்ப்பதில்லை. சம்ப்புக்குப் பூட்டு போட்டாயிற்று. ஐந்நூறு கூட்டி இரண்டாயிரம் ஆக்கினேன். ஐந்து பிள்ளைகளால் கூடுதலாக வந்த 2,500 ரூபாய், சாயங்காலம் மூன்று மணி நேரம் கூடமாட இருக்க ஒரு அம்மாவுக்குச் சம்பளமாகப் போனது. கணக்கை எல்லோர் எதிரிலும் வைத்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பூனைக் கதை அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது!

*

என் ரேட்டைக் கொண்டு வந்து ஒரு சுவரில் மோதியவள் 2018-ல் வந்தாள். பின்தெருவில் ஒற்றை அறை வீடு. தி.நகரில் ஜவுளிக்கடை வேலை. கடையில் நாள் முழுக்க நின்று, ரயில் மாறி வீடு வர ஒன்பதரை ஆகும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை வீட்டில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறது.

இரண்டாயிரம் என்றதும் அவள் முகம் சுருங்கியது. என் ஓவர்டைம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏழிலிருந்து ஒன்பதரை வரை தினம் நூற்றிருபத்தைந்து. அவள் சம்பளத்தில் எனக்குப் போக என்ன மிஞ்சும்? ஏ.சி. காரில் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறவர்களை மனசில் வைத்துப் போட்ட ரூல், நகரக்கூட முடியாதவள் தலையில் போய் விழுகிறது. ஓவர்டைம் அவளுக்குக் கொடுக்க வேண்டியவர் அவள் முதலாளி. அதை நான் அவளிடம் வசூல் பண்ணினால் என்ன நியாயம்?

"நீ ஒண்ணும் தர வேண்டாம்மா" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா வேணாம்க்கா. கம்மியா சொல்லுங்க. ஆனா சொல்லுங்க."

எண்ணூறு ரூபாய், ஓவர்டைம் கிடையாது என்று முடிவாயிற்று. அவர் மட்டும், "ஒரே கேட், ஒரே பஞ்ச். ஆளுக்கு ஒரு ரேட் போட்டா யூனியன்ல கேள்வி வரும்" என்று எச்சரித்தார். வந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ரகசியம் தங்குமா? எஃப்-2 கேட்டாள், காரணம் சொன்னேன், தலையாட்டினாள். இன்னொரு வீட்டில், "ஒரே தோசைக்கு எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டாயிரம்?" என்று பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டதும் தப்பில்லை. எல்லோருக்கும் நியாயமாகப் படுகிற மாதிரி ஒரு ரேட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதையெல்லாம் சர்க்காரில் யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்திருக்கிறார்கள். 1948-ல் வந்த ஃபேக்டரீஸ் சட்டமே பெண் தொழிலாளர்கள் அதிகம் உள்ள தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு! 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டால், மூணே முக்காலுக்கு மேல் அது தானாகவே வளரும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் வந்தது. அவர்கள் பிள்ளைகள் எங்கே உட்கார்வது என்பதற்கு எப்போது வருமோ!

அது வரும்வரை என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சட்டம்தான். என் மாதிரி 'சேச்சே' சொல்லிவிட்டு விழிக்கிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று இன்றைய தேதிக்கு உள்ளதை அப்படியே தருகிறேன்:

1. மாதம் 3,000 ரூபாய், டிபன் உள்பட. அண்ணன், தங்கை சேர்ந்து வந்தால் இருவருக்கும் 5,000.

2. பிள்ளை வராத நாளுக்குக் கழிவு இல்லை. நான் லீவு போட்டால் கழிவு உண்டு.

3. காலாண்டு, அரையாண்டு லீவில் முழு நாள் விட்டால், சாப்பாட்டோடு நாளைக்கு 200 கூடுதல்.

4. மழை லீவு: மாதத்தில் முதல் இரண்டு நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு 80 மட்டும். மழை பெய்வது அம்மாக்கள் குற்றமில்லை.

5. மே மாதம் ஊருக்குப் போனால் பாதிப் பணம். இடம் பத்திரமாக இருக்கும்.

6. லேட்டாகும் என்று நாலு மணிக்குள் போன் செய்தால் ஓவர்டைம் இல்லை.

7. முடியாதவர்கள் தனியாக வந்து சொல்லவும். சும்மா கிடையாது, ஆனால் பேசிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் ஒன்றாம் தேதி காலையில் என் போன் 'டிங் டிங்' என்று ஜிபேயில் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜவுளிக்கடை அம்மாவின் பெண் பத்து தாண்டிவிட்டாள். சாயங்காலம் வந்து சின்னதுகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். அவளுக்கு நான் மாதச் சம்பளம் தருகிறேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். "சும்மா வேணாம்மா. கம்மியா சொல்லு, ஆனா சொல்லு" என்றேன். அவள் அம்மாவிடம் கற்றுக்கொண்ட பாடம்.

எஃப்-2 பையன் இந்த வருஷம் பிளஸ் டூ. ஆறடி உயரம், மீசை வேறு. போன வாரம் ஸ்கூல் விட்டு நேரே இங்கே வந்து, ஷூவோடு உள்ளே நுழைந்து, "பாட்டி, பசிக்குது" என்றான். தோசை வார்த்தேன். நடு முறுகலைக் கிள்ளிக்கொண்டே கேட்டான்: "பாட்டி, இப்ப எனக்கு என்ன ரேட்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து டைம் ஆபீஸின் குரல் வந்தது:

"ரிட்டயர்டு ஆளுக்கு கேன்டீன் ஃப்ரீ. ஷூவை மட்டும் வெளியில கழட்டச் சொல்லு!"